காயவைத்தால் சாகும் விதைகள்

வெப்பமண்டலப் பழமரங்கள் பலவற்றின் விதைகள் உலர்வைத் தாங்குவதில்லை. நெல்லையும் சோளத்தையும் போல வெயிலில் காயவைத்து, சாம்பல் கலந்து, பானையில் மூடி அடுத்த பட்டத்துக்கு எடுத்து வைத்தால், பட்டம் வரும்போது பானைக்குள் இருப்பது செத்த கொட்டைதான். மா, பலா, நாவல், தென்னை, வெண்ணெய்ப்பழம், ரம்புட்டான், மங்குஸ்தான், கோகோ ஆகியவை இந்த வகையைச் சேர்ந்தவை. விதை என்றால் காயவைக்க வேண்டும் என்பது உழவர் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக வந்த பாடம். தானியத்துக்கும் பயறுக்கும் அது சரி. இந்த மரங்களுக்கு அதே பாடம் எமனாகிவிடுகிறது.

இரண்டு வகை விதைகளையும் அருகருகே காணத் தோதான ஊர், திண்டுக்கல் மாவட்டத்துப் பாலசமுத்திரம். பழநி மலையின் வடக்கு அடிவாரத்தில், பாலாறு பொருந்தலாறு அணைக்குப் பக்கத்தில், மா, கொய்யா, தென்னைத் தோப்புகள் சூழ்ந்த பேரூராட்சி அது. அண்டை ஊரான ஆயக்குடி கொய்யாவுக்குப் பேர்போனது. தெற்கே தாண்டிக்குடி, தடியன்குடிசை வட்டாரக் கீழ்மலையில் காப்பி, ஆரஞ்சு, வெண்ணெய்ப்பழம், பலா, மிளகு எல்லாம் விளைகின்றன. இங்குள்ள கொய்யா விதையையும் புளியங்கொட்டையையும் முறையாகக் காயவைத்தால் ஆண்டுக்கணக்கில் வைத்திருக்கலாம். அதே தோப்பில் விழும் மாங்கொட்டைக்கு ஆயுள் சில வாரம்தான்.

விதைக்குள் நடப்பது

புளியங்கொட்டை மரத்தில் இருக்கும்போதே காய்ந்துவிடுகிறது. காய் முற்றும் கட்டத்தில் தாய்மரத்திலிருந்து வரும் நீர் படிப்படியாகக் குறைய, விதையின் செல்கள் அதற்குத் தயாராகின்றன. சில சர்க்கரைகளும் காப்புப் புரதங்களும் செல்லுக்குள் சேர்ந்து, நீர் விட்டுப்போன இடத்தில் நின்று செல்சவ்வுகளைச் சிதையாமல் தாங்குகின்றன. செல்லுக்குள் இருக்கும் குழம்பு கெட்டிப்பட்டு இறுகுகிறது. மூச்சு விடுவது ஏறக்குறைய நின்றுபோகிறது. ஈரப்பதம் 5 விழுக்காட்டுக்கு இறங்கினாலும் விதைக்கு ஆபத்தில்லை. நீர் பட்டதும் விழித்துக்கொள்ளும். இஸ்ரேலின் மசாதா கோட்டையில் கிடைத்த, சுமார் 2,000 ஆண்டு பழமையான பேரீச்சங்கொட்டை ஒன்று 2005-இல் முளைத்தது இப்படித்தான்.

பலாக்கொட்டை வேறு விதம். சுளையைப் பிளந்து கொட்டையை எடுத்தால், வழுக்கும் உறைக்கு அடியில் காகிதம் போன்ற வெண்தோல் இருக்கிறது. அதற்கும் கீழே மெல்லிய பழுப்புத்தோல். அதை உரித்தால் ஒன்று பெரிதும் மற்றது சிறிதுமாக இரண்டு வித்திலைகள். அவை சேரும் முனையில், சில மில்லிமீட்டர் நீளத்தில் ஒரு சிறு முனைப்பு தெரியும். அதுதான் கரு அச்சு. முளைவேரும் குருத்தும் அதிலிருந்துதான் கிளம்பும். புதிதாக எடுத்த கொட்டையின் எடையில் ஏறத்தாழ பாதி நீர். மூச்சும் உணவைக் கரைக்கும் வேலையும் உள்ளே ஓயாமல் நடக்கின்றன. பழம் அளவு மீறிப் பழுத்தால் சுளைக்குள்ளேயே கொட்டை முளைவிட்டிருப்பதைப் பார்க்கலாம். பலாக்கொட்டைக்கு உறக்கம் என்ற ஒரு கட்டமே கிடையாது. மரத்தை விட்டுப் பிரிந்தவுடன் அது முளைப்பதற்கான வேலையைத் தொடங்கிவிடுகிறது.

இப்படி வேலை நடந்துகொண்டிருக்கும் செல்லில் நீர் குறைந்தால், ஒன்றோடொன்று இசைந்து நடக்க வேண்டிய வேதிவினைகள் தடம் புரள்கின்றன. வீரியம் மிகுந்த ஆக்சிஜன் மூலக்கூறுகள் பெருகிச் சவ்வுகளை அரிக்கின்றன. கரு அச்சு பழுப்பேறி மடிகிறது. மெதுவாகக் காய்ந்தால் சேதம் இன்னும் அதிகம், ஏனென்றால் இந்தக் கேடு நடக்க அவகாசம் கூடுதலாகக் கிடைக்கிறது. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் பட்ரீசியா பெர்ஜாக், நார்மன் பம்மென்டர் இருவரும் பல பத்தாண்டுகள் ஆராய்ந்து விளக்கிய செய்தி இது. அவர்கள் பெரிதும் ஆராய்ந்த தாவரங்களில் ஒன்று, பிச்சாவரம் சதுப்புநிலக் காடுகளில் வளரும் வெண்கண்டல். அதன் விதை சிறிதளவு நீரை இழப்பதைக்கூடப் பொறுக்காது.

மூன்று வகை

பிரிட்டிஷ் விதையியல் அறிஞர் இ. எச். ராபர்ட்ஸ் 1973-இல் உலக விதைகளை இரண்டாகப் பிரித்தார். முதல் வகை உலர்வையும் குளிரையும் தாங்கும். இவ்விதைகளின் ஈரப்பதத்தை 1 விழுக்காடு குறைத்தாலோ, வைக்கும் இடத்தின் வெப்பத்தை 5 டிகிரி செல்சியஸ் குறைத்தாலோ ஆயுள் இரட்டிப்பாகும் என்பது விதைக்கிடங்குகளில் புழங்கும் பொதுக் கணக்கு. கொய்யா, புளி, சீத்தா, முருங்கை ஆகியவை இந்த வகை. இரண்டாம் வகை உலர்வு தாங்காதவை. உதிரும்போதே இவற்றில் ஈரம் மிகுதி. பெரும்பாலானவை 20 முதல் 30 விழுக்காட்டு ஈரத்துக்குக் கீழே போவதற்குள் முளைப்புத்திறனை இழந்துவிடும்.

இவற்றுக்கு நடுவே மூன்றாவதாக ஒரு வகை உண்டு என்பதை 1990-இல் எல்லிஸ், ஹாங், ராபர்ட்ஸ் ஆகிய மூவரும் காட்டினார்கள். அதற்கு அவர்கள் எடுத்துக்கொண்ட விதை காப்பி. காப்பி விதையைச் சுமார் 10 விழுக்காட்டு ஈரம் வரை உலர்த்தலாம். ஆனால் உலர்த்திய விதையை உறைகுளிரில் வைத்தால் கெட்டுவிடும். பப்பாளியும் எலுமிச்சை, ஆரஞ்சு இனங்கள் பலவும் வேம்பும் இந்த நடுவகையில் வைக்கப்படுகின்றன. காப்பித் தோட்டக்காரர்கள் இதை அனுபவத்தில் அறிந்தவர்கள். விதைக்கென ஒதுக்கிய பழத்தைத் தோலுரித்து, சலித்த விறகுச் சாம்பலில் புரட்டி, நிழலில் மெல்லப் பரப்பித் தினமும் கிளறிவிட்டு, சில நாளில் எடுத்து, மார்கழி, தை மாதங்களில் பாத்தியில் ஊன்றிவிடுவார்கள். வெயில் படக் கூடாது என்பதில் கண்டிப்பாக இருப்பார்கள்.

மழைக்காட்டுக் குணம், வறண்ட காற்று

ஆண்டு முழுதும் ஈரம் நிலவும் காட்டில் விதை தூங்கிக் காத்திருப்பதால் ஆதாயம் இல்லை. பூச்சியும் பூஞ்சையும் அணிலும் தின்பதற்குள் முளைத்துவிடுவதே பிழைக்கும் வழி. ஆகவே அங்குள்ள மரங்கள் பெரிய கொட்டையில் நிறைய உணவைக் கட்டி, மழையை ஒட்டி உதிர்க்கின்றன. உலகத் தாவரங்களில் உலர்வு தாங்காத விதை கொண்டவை சுமார் 8 விழுக்காடு என்றும், ஈரமான வெப்பமண்டலக் காடுகளில் இது 18 விழுக்காட்டைத் தாண்டும் என்றும் கணக்கிடப்பட்டுள்ளது. மாவும் பலாவும் நாவலும் ஆனி, ஆடி வரை பழுத்து உதிர்கின்றன. மேற்குக் கடற்கரையில் அது தென்மேற்குப் பருவமழை கொட்டும் காலம். கொட்டை விழுந்த இடத்திலேயே முளைத்துவிடும்.

பழநிச் சமவெளியில் நிலைமை தலைகீழ். தென்மேற்குப் பருவத்தில் இங்கே மழைக்குப் பதிலாகக் காற்றுதான் வருகிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியே பாயும் அந்தக் காற்றை நம்பித்தான் உடுமலை, தாராபுரம், பழநிப் பக்கங்களில் காற்றாலைகள் நிற்கின்றன. நல்ல மழை ஐப்பசி, கார்த்திகையில்தான். பழம் உதிர்வதற்கும் மழை இறங்குவதற்கும் இடையே மூன்று, நான்கு மாதம் போகிறது. கொட்டையின் ஆயுளோ சில வாரம். பாலசமுத்திரம் போன்ற ஊரில் இந்த மரங்களின் விதையைக் காப்பது என்றால், இந்த இடைவெளியைக் கடத்துவது என்றுதான் பொருள்.

எது எத்தனை நாள் தாங்கும்

சாதாரண அறை வெப்பத்தில் நாவல் கொட்டை 10 முதல் 15 நாளில் முளைப்புத்திறனைப் பெருமளவு இழக்கிறது. ரம்புட்டான் ஒரு வாரம். லிச்சியும் மங்குஸ்தானும் பழத்தை விட்டு வெளியே எடுத்தால் நாலைந்து நாள். பழத்துக்குள்ளேயே இருந்தால் மங்குஸ்தான் விதை சில வாரம் உயிரோடு இருக்கும். வெண்ணெய்ப்பழக் கொட்டை இரண்டு, மூன்று வாரம். பலா ஏறத்தாழ ஒரு மாதம். மாங்கொட்டை நான்கைந்து வாரம். உலராமல் காத்தால் இந்தக் கெடு நீளும். வெயிலில் போட்டால் சில நாளிலேயே முடிந்துவிடும்.

குளிர்சாதனப் பெட்டியும் எல்லாவற்றுக்கும் கைகொடுக்காது. கோகோ, ரம்புட்டான், மங்குஸ்தான், மா போன்றவற்றுக்கு 10 அல்லது 15 டிகிரிக்குக் கீழே போனாலே குளிர்க்காயம் ஏற்படும். மெக்சிகோ மலைநாட்டில் தோன்றிய வெண்ணெய்ப்பழம் இதற்கு விலக்கு. உலராதபடி பொதிந்து 5 டிகிரி அளவில் வைத்தால் அதன் கொட்டை மாதக்கணக்கில் தாங்கும்.

சில வாரம் கடத்தும் முறை

முதல் வேலை கொட்டையைச் சுத்தம் செய்வது. சதை ஒட்டியிருந்தால் பூஞ்சை பிடிக்கும். மாங்கொட்டையைச் சாம்பலோ மணலோ தொட்டுத் தேய்த்துக் கழுவி, நீர் நிறைந்த வாளியில் போட்டால் மூழ்குபவை நல்லவை, மிதப்பவை பெரும்பாலும் சொத்தை. ஓட்டின் ஓரத்தைக் கத்தரித்துப் பருப்பை வெளியே எடுத்தும் பார்க்கலாம். பருப்பு வெளிறிய நிறத்தில் உறுதியாக இருந்தால் உயிர் உண்டு. துளையும் கரிய தூளும் தெரிந்தால் உள்ளே மா விதை வண்டு குடியிருந்திருக்கிறது. அப்படிப்பட்ட கொட்டையை வேறு ஊருக்கு அனுப்பினால் வண்டும் கூடவே போகும். ஓடு நீக்கிய பருப்பு சீக்கிரம் நேராக முளைக்கும், ஆனால் சீக்கிரம் உலர்ந்தும் போகும். ஆகவே ஊன்றப்போகும் நேரத்தில் ஓட்டை நீக்குவதே நல்லது.

கழுவிய கொட்டையை நிழலில், மேலே இருக்கும் நீர் மட்டும் போகும்வரை சில மணி நேரம் ஆறவிட வேண்டும். தோல் சுருங்கும்வரை விடக் கூடாது. பிறகு கேப்டான் அல்லது திரம் போன்ற பூஞ்சைக்கொல்லியில் புரட்டலாம். அடுத்தது பொதிவு. தென்னை நார்க்கழிவு, மரத்தூள், கரித்தூள், மணல் இவற்றில் ஏதேனும் ஒன்றை நனைத்து, கையில் அள்ளி இறுக்கினால் நீர் சொட்டாத பதத்துக்கு வர வேண்டும். பாலித்தீன் பையில் ஓர் அடுக்குப் பொதிவு, ஓர் அடுக்குக் கொட்டை என மாற்றி மாற்றிப் போட்டு, வாயைத் தளர்வாகக் கட்டி, மேல்பக்கம் சில ஊசித்துளை இட வேண்டும். விதை மூச்சு விடுகிறது. காற்று அடைபட்டால் நொதித்து அழுகிவிடும். பையை வீட்டின் குளிர்ந்த மூலையில், முடிந்தால் 15 முதல் 20 டிகிரி வெப்பத்தில் வைக்கலாம்.

வாரம் ஒருமுறை பையைத் திறந்து பார்ப்பது கட்டாயம். அழுகியதை உடனே நீக்க வேண்டும். முளைவிட்டதைப் பையில் வைத்திருப்பதால் பயனில்லை, அன்றே நாற்றுப் பைக்கு மாற்ற வேண்டும். எவ்வளவு கவனமாக வைத்தாலும் கொட்டை பைக்குள் முளைக்கவே செய்யும். சேமிப்பின் எல்லை அதுதான்.

தென்னைக்கு அதன் மட்டையும் உள்ளிருக்கும் நீருமே காப்பு. நெட்டை, வீரிய ஒட்டுத் தேங்காய்களை ஒரு மாதம் நிழலில் காற்றாட வைத்து, பின்னர் இரண்டு மாதம் மணலில் புதைத்து வைக்கும்படி தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது. மட்டை காய்கிறது, உள்நீர் வற்றுவதில்லை. நாற்றங்காலில் வைக்கும் முன் ஆட்டிப் பார்த்து, நீர் தளும்பாத காயை ஒதுக்கிவிட வேண்டும்.

கன்றே கிடங்கு

உலர்வு தாங்காத விதையைக் கடல் கடத்துவது எவ்வளவு கடினம் என்பதற்கு ரப்பர் ஒரு வரலாற்றுச் சான்று. 1876-இல் ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டனின் கியூ தோட்டத்துக்குக் கொண்டுவந்தார். முளைத்தவை ஏறத்தாழ 2,700 மட்டுமே. அங்கிருந்து இலங்கைக்கு அனுப்பும்போது விதையாக அனுப்பவில்லை. 1,900-க்கும் மேற்பட்ட கன்றுகளைக் கண்ணாடி மூடிய வார்டியன் பெட்டிகளில் வளரவைத்தே கப்பலேற்றினார்கள். கம்பகா அருகே ஹெனரத்கொடைத் தோட்டத்தில் அவை நடப்பட்டன. ஆசிய ரப்பர்த் தோட்டங்கள் பலவற்றுக்கு அந்தக் கன்றுகளே மூலம்.

பழநிச் சமவெளிக்கும் இதுவே சரியான வழி. ஆனி, ஆடியில் கிடைக்கும் கொட்டையை அப்போதே பாலித்தீன் நாற்றுப் பையில் ஊன்றி, நிழல்வலைக்கு அடியில், காற்றுக்கு மறைப்புக் கட்டி நீர் விட்டு வந்தால், ஐப்பசி மழை இறங்கும்போது நடுவதற்கு மூன்று நான்கு மாதக் கன்று தயார். விதையாக வைத்திருந்தால் இழந்திருக்கக்கூடிய அந்த மாதங்கள், கன்றுக்கு வளரும் மாதங்களாகிவிடுகின்றன.

விதையைக் காத்தால் ரகமும் காக்கப்படும் என்று நினைக்கக் கூடாது. இந்திய மா ரகங்களில் பெரும்பாலானவற்றின் கொட்டைக்குள் ஒரே கரு இருக்கும். அது மகரந்தக் கலப்பில் பிறந்தது. தாயின் சுவை பிள்ளைக்கு வரும் என்ற உறுதி கிடையாது. வெள்ளைக்கொளம்பான், ஒளூர், குருக்கன், சந்திரகாரன் போன்ற மேற்குக் கரை ரகங்களில் ஒரே கொட்டையில் பல கரு இருக்கும். அவற்றில் தாயின் திசுவிலிருந்து நேரே உருவானவை தாயைப் போலவே வளரும். அதனால்தான் இவை ஒரே சீரான வேர்ச்செடிகளுக்கு விரும்பப்படுகின்றன. மற்ற ரகங்களைக் காக்க ஒட்டுக்கட்டுவதே வழி. அந்த ஒட்டுக்கு வேர்ச்செடி கொட்டையிலிருந்துதான் வர வேண்டும். மாங்கூழ் ஆலைகள் நிறைந்த கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒட்டு மாங்கன்றுகளுக்குப் பேர்போன சந்தூரானாலும், வேறு எந்த நாற்றுப்பண்ணையானாலும், சென்ற ஆண்டுக் கொட்டையை வைத்து இந்த ஆண்டு வேலை நடக்காது.

ஆண்டுக்கணக்கில் காக்க

நார்வேயின் ஸ்வால்பார்டில் 2008-இல் திறக்கப்பட்ட உலக விதைப் பெட்டகம் மைனஸ் 18 டிகிரியில் இயங்குகிறது. புதுதில்லியில் தேசியத் தாவர மரபியல் வள அமைவனத்தின் மரபணு வங்கியிலும், காயவைத்த விதைகள் ஏறத்தாழ இதே குளிரில்தான் இருக்கின்றன. 4 லட்சத்துக்கும் மேற்பட்ட விதை மாதிரிகள் அங்கே உண்டு. இந்த இரண்டு பெட்டகங்களிலும் மாங்கொட்டையைப் போட்டு வைக்க முடியாது. உள்ளிருக்கும் நீர் பனிக்கட்டியாகி செல்லைக் கிழித்துவிடும். உலகில் மிகக் கடுமையான அழிவு நிலையில் உள்ள தாவரங்களில் 36 விழுக்காடு இப்படி விதை வங்கியில் வைக்க இயலாதவை என்று 2018-இல் கியூ தோட்டத்தைச் சேர்ந்த அறிவியலாளர்கள் கணக்கிட்டார்கள்.

இதற்கு ஆராய்ச்சியாளர்கள் கண்ட மாற்று, கொட்டையை விட்டுவிட்டு அதன் கரு அச்சை மட்டும் உறைய வைப்பது. சில மில்லிமீட்டர் அளவுள்ள அச்சை நுண்ணுயிர் தொற்றாமல் வெட்டி எடுத்து, தூய காற்றோட்டத்தில் சில மணி நேரத்துக்குள் வேகமாக உலர்த்துகிறார்கள். விரைந்து காய்வதால் முன்னே சொன்ன சேதம் நடக்க அவகாசம் இல்லை. பிறகு சிறு குப்பியில் இட்டு மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் ஆழ்த்துகிறார்கள். அந்தக் குளிரில் உயிர்வினைகள் எல்லாமே நின்றுவிடுகின்றன. வேண்டும்போது வெதுவெதுப்பான நீரில் குப்பியை இளக்கி, அச்சை ஆய்வகத்தில் ஊட்டக் கலவையில் வளர்க்கலாம். தேயிலை, கோகோ, பலா ஆகிய மூன்றின் கரு அச்சுகள் உலர்வையும் உறைகுளிரையும் எவ்வளவு தாங்கும் என்பதைப் புதுதில்லி அமைவனத்தின் ஆராய்ச்சியாளர்கள் 1995-இல் விரிவாக வெளியிட்டார்கள். உலக அளவில் இத்துறையின் முன்னோடிப் பணிகளில் அதுவும் ஒன்று.

எல்லா மரத்துக்கும் இது கைகூடுவதில்லை. சில இனங்களில் வித்திலையை அறுக்கும் காயமே குருத்தை மடியச் செய்துவிடுகிறது. மாவின் திசு, வளர்ப்புக் கலவையில் எளிதில் கறுத்துப் போகும். அதனால் நுனிக்குருத்தை உறைய வைக்கும் முயற்சிகளும் நடக்கின்றன. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகம் வெண்ணெய்ப்பழத்தில் இதில் வெற்றி கண்டிருக்கிறது. பெங்களூருவின் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் பழமரங்களின் மகரந்தத்தைத் திரவ நைட்ரஜனில் காத்து வருகிறது.

இன்றைக்கும் பெரும் பாரத்தைத் தாங்குபவை உயிருள்ள தோப்புகளே. லக்னோவின் மத்திய வெப்பமண்டலாந்தரத் தோட்டக்கலை நிறுவனத்தில் நூற்றுக்கணக்கான மா ரகங்கள் மரமாகவே நிற்கின்றன. தெற்காசியாவுக்கும் மத்தியக் கிழக்குக்குமான பன்னாட்டுத் தென்னை மரபணு வங்கி, கர்நாடகத்தின் கிடுவில் ஒரு தென்னந்தோப்பாக இருக்கிறது. திண்டுக்கல்லுக்கு அருகிலேயே பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியும் தடியன்குடிசை ஆராய்ச்சி நிலையமும் பழமர ரகங்களை வளர்த்துப் பேணுகின்றன. தோப்பு வங்கிக்கு நிலமும் நீரும் ஆளும் ஓயாமல் வேண்டும். ஒரு புயலோ நோயோ ஆண்டுகளின் உழைப்பைக் கொண்டுபோய்விடலாம். ஆகவே ஒரே ரகத்தை இரண்டு மூன்று இடங்களில் வைப்பது நல்லது.

இந்த இடத்தில்தான் உழவரின் தோப்புக்கு மதிப்புக் கூடுகிறது. 2009 முதல் இந்தியா, இந்தோனேசியா, மலேசியா, தாய்லாந்து ஆகிய நான்கு நாடுகளில் நடந்த வெப்பமண்டலப் பழமரத் திட்டம், தனி ரகங்களைத் தம் நிலத்தில் காத்துவரும் உழவர்களை அடையாளம் கண்டு ஊக்குவித்தது. கர்நாடகத்தின் தும்கூரு மாவட்டத்தில் ஒரு தோட்டத்தில் நின்ற ஒற்றைப் பலாமரம், இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் துணையோடு 'சித்து' என்ற ரகமாகி, ஒட்டுக்கன்றுகளாகப் பல இடங்களுக்குப் பரவியது. அந்த மரத்தை யாரேனும் விறகுக்கு வெட்டியிருந்தால், எந்தக் கிடங்கிலும் அதற்கு மாற்று இருந்திருக்காது.

பழநிச் சமவெளித் தோப்புகளின் வரப்போரங்களில் பெயரில்லாத நாட்டு மாக்கள் உண்டு. ஊறுகாய்க்கு உகந்த புளிப்பு, மற்ற மரம் ஓய்ந்த பின் காய்க்கும் பருவம், வறட்சி தாங்கும் உறுதி என ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம். தோப்பு மனைகளாகப் பிரியும்போது முதலில் போவது இந்த மரங்கள்தான். வெட்டுவதற்கு முன் ஒட்டுக்குச்சி எடுத்து இரண்டு வேர்ச்செடிகளிலாவது கட்டி, வேறு வேறு நிலங்களில் நடலாம். காய்க்கும் பருவமானால் கொட்டையையும் ஊன்றி வைக்கலாம். வெட்டிய பின் தேடினால் கிடைக்காது. உலர்வு தாங்காத விதை கொண்ட மரங்களைப் பொறுத்தவரை, வளர்ந்து கொண்டிருப்பதே பாதுகாப்பு. கன்றாகவோ ஒட்டாகவோ மரமாகவோ எங்காவது ஓரிடத்தில் அவை உயிரோடு நிற்க வேண்டும்.